அசல் விளிம்பு

பித்தளையைத் துலக்கப் பழைய பனியன் துணி போதும் சார். கடையில் விற்கிற பசையெல்லாம் வீண் செலவு. எங்கள் பேண்டின் வாத்தியங்களைப் பழுது பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன்.

எங்களுடையது சாதாரண பேண்டு இல்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இசையை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசிப்போம். மாஸ்டருக்கு ‘அசல்’ என்பதுதான் வேதவாக்கு. யாராவது உதடு வலிக்கிறது என்றால், “வலிச்சாத்தான்பா அசல். சொகமா இருக்கணும்னா வீட்டுக்குப் போய் ரேடியோ கேளு” என்பார். எல்லோரும் சிரிப்போம்.

என் தம்பி அங்கே கார்னெட் வாசித்தான், டிரம்பெட் மாதிரி ஆனால் அதைவிடக் குட்டையான பித்தளை வாத்தியம். போன வருஷம் ஒத்திகையில் மேல்ஸ்வரம் இரண்டு தடவை பிசகியது. மாஸ்டர் அவன் கையிலிருந்த வாத்தியத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, “உன் வாய் திங்கத்தான் லாயக்கு” என்றார், முப்பது பேர் எதிரில். தம்பி எழுந்து போனான். பிறகு அவன் எதையும் ஊதவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

மாஸ்டரும் கார்னெட்தான் வாசிப்பார். அடுத்த மாதம் அவருக்கு ஒரு மவுத்பீஸ் கொடுத்தேன். கார்னெட்டில் உதட்டைப் பதிக்கிற சின்னக் கிண்ணம் அது. பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, அந்தக் காலத்து அசல் என்றேன். உண்மையில் என் லேத்தில் நானே கடைந்தது. விளிம்பு மிக மெல்லிசு. தோலைக் கிழிக்காது, உள்ளே இருக்கும் தசையைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும்.

எட்டு மாதம் வாசித்தார். உதடு வீங்கியிருக்கும். ஏன் என்று கேட்டால் “அசல்டா” என்பார். தன் வாயால் சொன்னதைத் தானே எப்படி மீறுவார், பாவம். வாரம் ஒருமுறை அதை வாங்கி, மழுங்கிய விளிம்பைத் தீட்டிக் கொடுப்பேன். “நீ கிடைக்க நான் குடுத்து வெச்சிருக்கணும்பா” என்றார் ஒரு நாள். நான் தலையாட்டினேன்.

கச்சேரிக்கு நாலு நாள் இருக்கையில் தசை அறுந்துவிட்டது. இனி அவரால் விசில்கூட அடிக்க முடியாது. தண்ணீர் குடித்தால் மோவாயில் வழிகிறது. போய்ப் பார்த்தேன். நானே துண்டால் துடைத்துவிட்டேன். மனசு குளிர்ந்தது.

தம்பிதான் சந்தோஷப்படவில்லை. “நான் கேட்டேனாண்ணா?” என்றான். நேராக ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொல்லியும்விட்டான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை.

அந்த மவுத்பீஸில் நீங்கள் லென்ஸ் வைத்துப் பார்த்த எண் என் கைவேலைதான். குழாய்க்குள் மறையும் பக்கத்தில், கடைந்த வருஷத்தைப் பொறிப்பது என் பழக்கம். ஆமாம், இருபது வருஷத்துக்கு முந்தைய வருஷம். அப்போது தம்பி அரைக்கால்சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அந்த வருஷம் நான் பேண்டில் சேர வாசித்துக் காட்டினேன். நாலு வரி முடிவதற்குள் மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தி, “ரிப்பேர் வேலை ஏதாச்சும் தெரியுமா?” என்று கேட்டார். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன் சார். தம்பிக்காகச் செய்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.