தூணருகே நாற்பது டிகிரி

உலகத்தில் பொய் சொல்லத் தெரியாதது வடக்குத் திசை ஒன்றுதான். கல்லூரிக் கருத்தரங்கில் நான் இதைச் சொன்னபோது கைதட்டினார்கள். கைதட்டல் காதில் ஏறிவிட்டால் மற்றது எதுவும் சரியாகக் கேட்பதில்லை.

பார்வையற்ற முதியோர் இல்லத்துக்காக ஒரு ரோபோ செய்தோம். மின்னணுத் திசைகாட்டி சொல்கிறபடி போகும். கைப்பிடியைப் பிடித்து வருபவரைச் சாப்பாட்டுக் கூடத்தில் கொண்டுபோய் விடும். நடையில் ஒரு மிதப்பு இருந்ததால் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தேன்.

எங்கள் ஆய்வக உதவியாளர் அக்கா மட்டும் அதை நம்பவில்லை. காந்த ஊசியோடு இல்லத்தின் நடைக்கூடத்தில் மூன்று நாள் முட்டி போட்டு நகர்ந்தார். கட்டடத்து இரும்பால் ஊசி எவ்வளவு விலகுகிறது என்று அடிக்கு ஒரு சாக்பீஸ் குறி போட்டு, பக்கத்தில் எண் எழுதினார்.

"என்னக்கா, தரைக்கு ஜாதகம் எழுதறீங்களா?"

"ஆமாடா. நீ அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்து. லிஃப்ட் பக்கத்துத் தூணுகிட்ட நாப்பது டிகிரி தப்பாக் காட்டுது. அங்கதான் மாடிப்படி இருக்கு."

நூற்றுப் பன்னிரண்டு எண்கள். பத்தாவதிலேயே கொட்டாவி வந்தது. மிச்சத்துக்கெல்லாம் பூஜ்யம் போட்டேன். மறுநாள் விருந்தினர் முன்னால் வெள்ளோட்டம். தரை அசிங்கமாக இருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்தும் விட்டேன். சுத்தம் நல்ல பழக்கம்தானே.

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் முதலில் கைப்பிடியைப் பிடித்தார். "மாப்பிள்ளை, மெதுவாப் போங்க. மாமனாருக்கு வயசாச்சு" என்றார். நாங்கள் எட்ட நின்று சிரித்தபடி படமெடுத்தோம். தூணருகே மாப்பிள்ளை இடப்பக்கம் திரும்பியது. பதினான்கு படிகள். வாத்தியார் அதற்குப் பிறகு நடக்கவில்லை.

விசாரணையில் அளவுகள் எங்கே என்று கேட்டார்கள். அக்கா தரையைக் காட்டினார். தரை பளபளவென்று இருந்தது.

"அக்கா அளந்ததை நான் பாக்கலை சார்" என்றேன்.

அக்காவுக்கு வேலை போயிற்று. போகும்போது என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "துடைச்ச துணியையாவது தொவைச்சுப் போட்டியாடா?"

இப்போது வகுப்பு முடிந்ததும் அந்த இல்லத்துக்குப் போகிறேன். காந்த ஊசி, சாக்பீஸ். முட்டி வலிக்கிறது. தொண்ணூற்றாறு குறிகள் ஆகிவிட்டன. கதவோரக் கட்டிலில் கிடக்கும் வாத்தியாருக்குச் சாக்பீஸ் கீறும் சத்தம் கேட்கிறது.

"யாரு, அந்தப் பொண்ணா? மறுபடி வேலைக்குச் சேத்துக்கிட்டாங்களாம்மா?" என்று தினமும் கேட்கிறார்.

அடுத்த அடிக்கு நகர்கிறேன்.