நம்மைத் தெரிந்த நீதிபதி

வேங்கிக்கால் செல்லும் நகரப் பேருந்தில் எனக்கு முன்னால் ஒரு நடுவயதுத் தம்பதி அமர்ந்திருந்தார்கள். நீதிமன்றத்துக்குத்தான் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. மனைவி சொன்ன ஒரு வாக்கியத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

“ஜட்ஜுக்கு நம்மள நல்லாத் தெரியும். அதாங்க பயமா கீது.”

“இன்னா பேசற நீ? நமக்கு வக்கீலா இருந்தவரு. எலெக்‌ஷன்ல நின்னப்போ அவருக்காக எவ்ளோ தெரு சுத்தினேன். இப்ப நம்ம கேசுக்கே ஜட்ஜா வந்துட்டாரு. இதுக்கு மேல இன்னா வேணும்?”

“பக்கத்து நிலத்துக்காரன் தகராறு பண்ணப்போ அவருகிட்ட இன்னா சொன்னீங்க? கெணத்துல உங்க தம்பிக்கும் பாதி பங்குன்னு சொன்னீங்க. இப்ப தம்பி மேலயே கேஸ் போட்டு, முழுசும் என்னுதுன்றீங்க.”

“அதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்காது.”

“நீங்க தெரு சுத்தினது மட்டும் இருக்குமா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி குரலைத் தாழ்த்தினார்.

“நம்ம வக்கீலம்மா நேத்து சொன்னாங்க. முன்ன நமக்கு வக்கீலா இருந்ததால அவரு இந்தக் கேச எடுக்க மாட்டாராம். வேற ஜட்ஜுக்கு மாத்திடுவாராம்.”

கணவர் நிம்மதியோடு மனைவி பக்கம் திரும்பினார். “நல்லதாப் போச்சு. புது ஜட்ஜுக்கு ஒண்ணும் தெரியாது.”

“தெரியாதுதான். அதனால மொதல்லேர்ந்து கேப்பாரு. என்னையும் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. எதுர்ல உங்க தம்பி நிப்பாரு. நான் இன்னா சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க.”

நடத்துநர் நீதிமன்ற நிறுத்தத்தைச் சொல்லி அழைத்தார். மனைவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கணவர் முன்கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.