கீழ்க்கட்டளையின் பதினாறுகால் மண்டபம்

நேற்றுவரை நெல் விளைந்த நிலத்தில் இன்று ரோமாபுரியையே விளைவித்துவிட்ட மண்டப அதிபர், விழாத் தலைவர், அண்ணன் சுப்பராயலு அவர்களே! அவர் எதற்குத் தலைமை தாங்கினாலும் அவரைத் தாங்கியபடி முன்வரிசையில் வீற்றிருக்கும் அவர்தம் இல்லத்தரசி தாயாரம்மாள் அவர்களே! நாளை மறுநாள், இம்மண்டபத்தின் முதல் முகூர்த்தத்தில், மகள் கனகவல்லியின் திருமணத்தை நடத்தவிருக்கும் இரும்புலியூர் மளிகைக்கடை முனிரத்தினம் அவர்களே! பஸ்ஸில் தொங்கியபடி வந்து சேர்ந்த பெரியோர்களே! குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு காதை இங்கேயும் ஒரு காதை வீட்டிலும் வைத்திருக்கும் தாய்மார்களே! சோடாக்கடை ஓரம் நின்று, இவன் எப்போது முடிப்பான் என்று கடிகாரம் பார்க்கும் இளைஞர்களே! ஊருக்கெல்லாம் வீட்டு பிளான் போட்டு வயிறு வளர்க்கும் ஜெபசீலனின் வணக்கத்தை உங்கள் அனைவர்க்கும் உரியதாக்குகிறேன்.

'ரோமாபுரிக் கட்டடக் கலை' என்பது எனக்குத் தந்த தலைப்பு. நான் ரோமாபுரிக்குப் போனவனா? இல்லை. சைதாப்பேட்டைக்கு அப்பால் போனாலே வழி கேட்பவன் நான். ஆனால் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் வாங்கினேன். அதைப் படித்தேன், பார்த்தேன், பதறினேன்!

ஏன் பதறினேன்? நம் வீட்டு மொட்டைமாடி மூன்றாவது மழைக்கு ஒழுகுகிறது. ரோமானியனோ, ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு கோயிலின் நூற்று நாற்பதடி அகலத்தை ஒரே கூரையால் மூடினான். கம்பி உண்டா? இல்லை. நடுவில் தூண் உண்டா? இல்லை. சுண்ணாம்பைக் குழைத்தான், எரிமலைச் சாம்பலைக் கலந்தான், காலத்தையே கட்டிப்போட்டான்! அடியில் இருபதடிக் கனம், உச்சிக்குப் போகப் போக நாலடிக் கனம். கீழே கனத்த கல்லைப் போட்டவன், மேலே நுரைபோல் லேசான கல்லைப் போட்டான். உச்சியில் ஒரு பெரிய ஓட்டையையும் விட்டான்.

என்னம்மா கேட்கிறீர்கள்? "மழ பேஞ்சா உள்ள வராதா?" என்கிறீர்கள். வரும் தாயே! நம் கூரையில் ஒழுகுவது நாம் அறியாமல் விட்ட ஓட்டையில். அவன் கூரையில் ஒழுகுவது அவன் அறிந்து விட்ட ஓட்டையில். தரையிலே தண்ணீர் வடிய துவாரமும் வைத்திருக்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

ரோமாபுரி நகரத்துக்குப் பதினோரு கால்வாய்களில் தண்ணீர் வந்ததாம். இந்தத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டிலே நமக்கு ஒரு லாரி வருகிறது. அதுவும் வந்தால் வரும். அவன் கட்டிய விளையாட்டரங்கத்தில் ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்தார்கள். வந்து போக எண்பது வாசல்கள். நம் கல்யாணத்திலோ இரண்டாவது பந்திக்கு இருநூறு பேர் ஒரே கதவில் நுழைகிறோம். சாப்பிட்டு வெளியே வருகிறவனும் அதே கதவில். அவன் கையில் பீடா, நம் வயிற்றில் பசி. அங்கே நடக்கும் மல்யுத்தத்தை எந்த ரோமானியன் கண்டான்?

இனி நம் மண்டபத்துக்கு வருவோம். அதோ, முகப்பிலே நான்கு தூண்கள் நிற்கின்றன! வெண்மை என்றால் வெண்மை, வழவழப்பு என்றால் வழவழப்பு. தூணின் தலையில் ரோமானியன் முள்செடி இலையைச் செதுக்கினான். நம் தூணின் தலையில் இருப்பது காலிஃபிளவர். ஏனென்றால் அண்ணன் மாதிரிக்குக் கொடுத்த காலண்டர் படம் கசங்கியிருந்தது. அந்தத் தூணைத் தட்டிப் பாருங்கள், டங் டங் என்று ஒலிக்கும். உள்ளே சாக்கடைக்குப் போடும் சிமெண்ட் குழாய்தான் நிற்கிறது. அது எதையும் தாங்கவில்லை. பின்சுவரிலிருந்து நீளும் உத்திரம்தான் முகப்பைத் தாங்க வேண்டும். அண்ணன் என்னை முறைக்க வேண்டாம். அந்தப் பிளானைப் போட்ட கை இந்தக் கைதான்.

ஆனால் இன்று மாலை இங்கே வந்தபோது அந்த நான்கைத் தவிர இன்னும் பதினாறு தூண்களைக் கண்டேன். பச்சைப் பட்டு, ஊதாப் பட்டு, ஜரிகை, ஜவ்வந்திச் சரம்! நான் போடாத தூண் எப்படி முளைத்தது? ஒரு துணியை விலக்கிப் பார்த்தேன். உள்ளே சவுக்குக் கட்டை! முகப்புக் கூரைக்குக் காங்கிரீட் போட்டபோது முட்டுக் கொடுத்த அதே சவுக்குக் கட்டை! கோயிலிலே பதினாறுகால் மண்டபம் பார்த்திருக்கிறோம். கீழ்க்கட்டளையில் பட்டுடுத்திய பதினாறுகால் மண்டபத்தை இன்றுதான் பார்க்கிறேன்.

சிரித்துவிட்டீர்கள். கொஞ்சம் கேளுங்கள். அந்தக் காங்கிரீட் போட்டு எத்தனை நாள் ஆயிற்று? யாருக்காவது தெரியுமா? அதோ, கங்கம்மா கை தூக்குகிறார். அந்தக் கலவையைத் தலையில் சுமந்த சித்தாள் அவர். சொல்லுங்கள் அக்கா, உரக்கச் சொல்லுங்கள்.

"போன வாரம் பொதங்கெழம சார்! இன்னியோட ஒம்போது நாளு!"

ஒன்பது நாள்! இதைக் கட்டிய மேஸ்திரி குப்புராஜ் என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணா, உள்ள இன்னும் பச்சையா கீது, இறுகல. இருபத்தியோரு நாளு கட்டைய தொடாத" என்றார். அண்ணன் என்ன சொன்னார்? "கட்ட நின்னா கல்யாண கார் எப்படி உள்ள வரும்? நாளைக்குக் காலைல எடுத்துடு" என்றார். குப்புராஜ் மாட்டேன் என்றார். பயந்தாங்கொள்ளி என்று பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். கட்டையை உருவ வேறு ஆட்கள் நாளைக் காலை வருகிறார்கள். நாளை மறுநாள் அந்த முகப்பின் கீழேதான் மாப்பிள்ளைக்கு ஆரத்தி சுற்றுவார்கள். மேளக்காரர் நிற்பார், பன்னீர் தெளிக்கிற பெண்கள் நிற்பார்கள், கனகவல்லி நிற்பாள்.

ரோமாபுரியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மெய்யோ பொய்யோ, நான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. கல் வளைவு கட்டி முடித்து, முட்டுக் கொடுத்த மரத்தை உருவும் நாளில், அதைக் கட்டியவனையே அந்த வளைவின் கீழே நிறுத்துவார்களாம். சான்றிதழ் கேட்க மாட்டார்கள், சத்தியம் கேட்க மாட்டார்கள். "நீ நில்!" என்பார்கள். எவ்வளவு அழகான இன்ஜினியரிங்!

அண்ணன் சுப்பராயலு அவர்களே! நாளைக் காலை பதினாறு கட்டைகளையும் உருவும்போது, அந்த முகப்பின் கீழே நாற்காலி போட்டு உட்கார்வீர்களா?

"யோவ் ஜெபசீலா! ரோமாபுரிய பத்திப் பேசுன்னா என் வாசல்ல வந்து நிக்கிறியே! நான் ஏன்யா உக்காரணும்? கட்டுன மேஸ்திரி நிக்கட்டும்!"

மைக் இல்லாமலே அண்ணன் குரல் பல்லாவரம் வரைக்கும் கேட்டிருக்கும். மேஸ்திரிக்குக் கேட்டதா? வீட்டுக்குப் போனவர் வந்திருக்கிறார்; சோடாக்கடை ஓரத்திலிருந்து பதில் வருகிறது, கேளுங்கள்.

"இருபத்தோராவது நாளு நான் நிக்கிறேண்ணா! எம் பொண்டாட்டி புள்ளையோட நிக்கிறேன்! நாளைக்கு நிக்க மாட்டேன்!"

யார் பயந்தாங்கொள்ளி, சபையோரே? நிற்கும் நாள் தெரிந்தவனா, அடுத்தவனை நிற்கச் சொல்பவனா?

என்ன கங்கம்மா, மறுபடியும் கை தூக்குகிறீர்கள்?

"பிளான் போட்டது நீதானே சார்? நீ நிப்பியா?"

கேட்டுவிட்டார்! யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று நான் சுற்றிச் சுற்றி வந்த கேள்வியைக் கேட்டுவிட்டார். சொல்கிறேன் அக்கா. நாளைக்கு நிற்க மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. கல்யாணத்துக்குள் இந்தக் காங்கிரீட் இறுகாது என்று ஒன்பது நாளாகவே எனக்குத் தெரியும். நோட்டீசில் என் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். அங்கே ஒரு தட்டில் எனக்காகப் பொன்னாடை மடித்து வைத்திருக்கிறது; அதைப் பார்த்தும் மூடிக்கொண்டேன். சவுக்குக் கட்டைக்குப் பட்டுச் சுற்றியதைக் கேலி செய்தேனே, எனக்கும் அதைத்தான் சுற்ற இருந்தார்கள். வெட்கமாக இருக்கிறது. மன்னியுங்கள்.

அம்மா... தாயாரம்மாள் அம்மா எங்கே எழுந்து போகிறீர்கள்? வழி விடுங்கள் ஐயா. முகப்பை நோக்கிப் போகிறார். நடுக்கட்டையைக் கையால் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்கிறார், அமைதி, அமைதி!

"என்னங்க! நாளைக்கு எவன் வந்து கட்டைய உருவுறான்னு நான் பாக்கிறேன். நான் இங்கதான் உக்காந்துகினு இருப்பேன்!"

அண்ணனின் முகத்தைப் பாருங்கள்! எழுகிறார், உட்கார்கிறார், துண்டை உதறுகிறார். கார் உள்ளே வராதே என்று முணுமுணுக்கிறார். பெண்ணைப் பெற்ற முனிரத்தினம் அவர்களே, நீங்கள் சொல்லுங்கள்.

"சைடு வாசல்ல நடந்து வந்தா எம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆவாதா சார்? அது உசுரோட வரட்டும், போதும்!"

அண்ணன் தலையாட்டிவிட்டார்! "சரி, கட்ட நிக்கட்டும்" என்கிறார். எல்லாரும் கேட்டீர்கள் அல்லவா? அண்ணனுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். அவ்வளவு கோபத்திலும் சரி என்று சொல்ல ஒரு மனசு வேண்டும்.

ஆகவே, என்னை முழுதாகப் பேசவிட்ட தலைவருக்கு நன்றி. என்னைப் பேச வைத்த கங்கம்மாவுக்கு நன்றி. குழம்பு அடிபிடித்திருந்தால் தாய்மார்கள் என்னை மன்னிக்க வேண்டும். அந்தப் பொன்னாடை தட்டிலேயே இருக்கட்டும். பன்னிரண்டு நாள் கழித்து, இதே மாலை ஆறு மணிக்கு, அந்த முகப்பின் கீழே இரண்டு நாற்காலி போடுங்கள். ஒன்று அண்ணனுக்கு, ஒன்று எனக்கு. நாங்கள் உட்கார்ந்த பிறகு குப்புராஜ் மேஸ்திரி வந்து, தம் கையால் ஒவ்வொரு கட்டையாக உருவட்டும். பதினாறாவது கட்டையும் வந்த பிறகு நான் எழுந்து நின்றால், அப்போது போர்த்துங்கள். வணக்கம்!