மிஷின் டிராயர்

– அந்தச் சிலையையும் தூக்கிப் போடப் போறியா கிறிஸ்டி? ஒரு கை ஒடஞ்சிட்டா சூசையப்பரு சூசையப்பரு இல்லன்னு ஆயிடுமா?

– தூக்கிப் போடல அண்ணி. "அப்பறம்" பெட்டியில வெக்கிறேன்.

– அந்தப் பெட்டிதான் ரொம்பி வழியுது. மூணு அட்டப்பெட்டி வெச்சு "வேணும்", "வேணாம்", "அப்பறம்"னு அழகா எழுதி ஒட்டின. காலையிலேருந்து "வேணாம்" பெட்டியில விழுந்தது ஒரே ஒரு சைக்கிள் பம்பு.

– அதையும் அண்ணன் வந்து எடுத்துட்டாரு.

– உங்க அண்ணன் சைக்கிள வித்து ஆறு வருஷம் ஆச்சு.

– வேற எதுக்காச்சும் ஆவும்னாரு.

– ஆவும், ஆவும். இந்த வூட்ல எல்லாருக்கும் எல்லாம் ஆவும். அதான் இந்த ரூமு இப்பிடிக் கெடக்கு. ஒரு மூலையில வெங்காய மூட்ட, ஒரு மூலையில எந்தையல் மிஷினு, கட்டிலுக்கு அடியில கவர்மெண்டு குடுத்த மிக்சி, இன்னும் பெட்டியே பிரிக்கல. பீரோ மேல மாமாவோட பழைய அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரு. ரிட்டயர் ஆன வாத்தியாருக்கு அது எதுக்குங்கிறேன்? செத்துப்போனவனெல்லாம் அதுல பிரசண்ட்டு.

– சிரிப்பு மூட்டாதீங்க அண்ணி. தூசி உள்ள போவுது.

– சிரிச்சுக்க. இன்னும் ரெண்டு வாரத்துல கலியாணம், அப்பறம் மாமியா வூடு. மறுவீட்டுக்கு வர்ற மாப்பிள்ள வெங்காய மூட்ட மேலயா படுப்பாரு? பாத்ரூம் சேந்தது இது ஒண்ணுதான்.

– அதுக்குத்தான ஒழுங்கு பண்றேன். அலமாரியில நாலு தட்டு. பேரு எழுதி ஒட்டிட்டேன் பாருங்க. அப்பா, அண்ணன், நீங்க, நான்.

– அத்தைக்கு?

– அம்மாவுக்கா... அம்மாவுக்குத்தான் அடுப்படி இருக்கே.

– ம். இந்தா, இந்தப் பைய என்ன பண்ண? உங்க அண்ணனோட காலேஜு பையி. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல இதத் தோள்ல மாட்டிக்கிட்டுத்தான் எம்பின்னாடியே சிறுவாச்சூர் பஸ்ல ஏறுவாரு. அவரு ஊரு இந்தப் பக்கம், பஸ்ஸு அந்தப் பக்கம். கண்டக்டரே சிரிப்பாரு.

– "வேணும்"ல வெக்கவா?

– "வேணாம்"ல வையி. அதான் ஆளே கெடச்சாச்சே.

– கிறிஸ்டி! அடியே கிறிஸ்டி! மாதா படத்துக்குப் பின்னாடி போன வருஷத்துக் குருத்தோல செருகியிருக்கும். குப்பையில கிப்பையில போட்டுடாதடி, மந்திரிச்சது! கோயில்ல குடுத்தா சாம்பல் புதனுக்கு எரிப்பாங்க!

– தெரியும்மா! தனியா எடுத்து வெச்சிட்டேன்!

– மஞ்சுவ மூட்ட தூக்க விடாத! இடுப்பு வலின்னு நேத்துதான் சொன்னா. நீயே இழுத்துப் போடு!

– பாத்தீங்களா அண்ணி? கலியாணப் பொண்ணு நான். அடுப்படியிலேருந்து எங்கம்மா சிபாரிசு உங்களுக்கு.

– பொறாமப்படாத. சரி வா, மிஷின நகத்துவோம். மொதல்ல அந்த டிராயரக் காலி பண்ணு. பாதிக் கனம் அதுலதான் இருக்கு.

– அத நீங்களே பண்ணுங்க.

– ஏன், பாம்பா இருக்கு உள்ள? நூல்கண்டு, பாபின், நாலு ஊசி.

– நான் அதத் தொட மாட்டேன் அண்ணி.

– இந்தா பாரு, மொகம் ஏன் இப்பிடிப் போவுது? ஒக்காரு. மூட்ட மேலயே ஒக்காரு, ஒண்ணும் ஆவாது. என்னா?

– ஒண்ணு சொல்லணும். திட்டுங்க. அடிச்சாலும் சரி.

– சொல்லேன் மொதல்ல.

– நாலு வருஷத்துக்கு முன்னாடி, இந்த டிராயர்ல குங்குமம் இருக்குன்னு அப்பாகிட்ட சொன்னது நான்தான்.

– ம்.

– சிறுவாச்சூர் கோயில் குங்குமம். நகைக்கடை டப்பாவுல போட்டு, வெட்டுத் துணிக்கு அடியில. தானாக் கண்டுபிடிச்ச மாதிரி அப்பா உங்களக் கூப்பிட்டுக் கேட்டாரே... அவரு கண்டுபிடிக்கல. நான் காட்டினேன்.

– தெரியும்.

– தெரியுமா?

– டெங்கு வந்து, திருச்சி ஆஸ்பத்திரியிலேருந்து வந்து, இந்தக் கட்டில்ல மூணு வாரம் படுத்துக் கெடந்தது நீ ஒருத்திதான். மாமா எம்மிஷின் டிராயர எங்க தொறக்கப் போறாரு? மேசையில இருக்குற கண்ணாடிய எடுக்கவே அத்தையக் கூப்பிடுற மனுஷன்.

– தெரிஞ்சுமா எங்கிட்ட ஒண்ணும் கேக்கல?

– கேட்டா? நீ அழுவ. அப்பறம் உன்னத் தேத்துற வேலையும் எந்தலையில.

– ஏன் சொன்னேன்னாவது கேளுங்க அண்ணி.

– ஏன் சொன்ன?

– எனக்கே சரியாத் தெரியல. படுத்தே கெடந்தேன். வர்றவங்க எல்லாம் பாவம், பாவம்னாங்க. சலிப்பா இருந்துச்சு. நூல் எடுக்க டிராயரத் தொறந்தேன். டப்பாவப் பாத்ததும்... ஞானஸ்நானம் வாங்கிட்டு, பூசையில மொத வரிசையில ஒக்காந்துக்கிட்டு, நம்ம எல்லாத்தையும் ஏமாத்துறாங்களேன்னு தோணுச்சு. அந்த நேரம் பாத்து அப்பா வந்தாரு. வாயில வந்துடுச்சு. ஒரு நிமிஷம்கூட ஆவல அண்ணி.

– சரி, சொல்லிட்ட. அவ்வளவுதான.

– அவ்வளவு இல்ல. "இனிமே அந்தக் கோயில் வாசல மிதிக்கக் கூடாது"ன்னு அப்பா சொல்லிட்டாரு. மாதா கோயில் பங்குப் பேரவையில இருக்குறவன், ஊரு என்ன பேசும்னாரு. மூணு மாசத்துல உங்க தம்பி சுதர்சன் கலியாணம். அதே கோயில்ல. உங்கள அனுப்பல.

– ஆமா. அனுப்பல.

– அன்னிக்கு இந்த ரூம்லதான் கதவச் சாத்திக்கிட்டு வீடியோ கால்ல பாத்தீங்க. தாலி கட்டுற நேரத்துல நெட்டு போயிடுச்சு. "சுதர்சா, டேய் சுதர்சா"ன்னு போனப் பாத்துக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. வெளிய எனக்குக் கேட்டுச்சு. எம்போன்ல டேட்டா இருந்துச்சு அண்ணி. ஹாட்ஸ்பாட் போட்டுக் குடுக்கலாம்னு கதவு வரைக்கும் வந்தேன். கையத் தூக்கினேன். தட்டல.

– அது எனக்குத் தெரியாது.

– அதத்தான் சொல்லணும்னு...

– ஏன் தட்டல?

– நீங்க கதவத் தொறந்தா உங்க மொகத்தப் பாக்கணுமே.

– பாத்திருக்கலாம் கிறிஸ்டி. எம்மொகம் உன்ன என்ன பண்ணியிருக்கும்? அவன் தாலி கட்டுறத நான் பாத்திருப்பேன்ல.

– அண்ணி...

– சரி, சரி. அழாத. மூட்ட நனையுது பாரு. வெங்காயம் ஈரம் பட்டா அழுவிடும்.

– இப்பவும் வெளையாடாதீங்க. வெள்ளிக்கிழம எனக்குப் பாவசங்கீர்த்தனம், கலியாணத்துக்கு முன்னாடி பண்றது. போன ஞாயித்துக்கிழம பூசையில மூணாவது கலியாண ஓலையும் வாசிச்சாச்சு. இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் தெரிஞ்சவங்க சொல்லணும்னு சாமியாரு வாசிச்சப்ப, நான் மாப்பிள்ள வூட்டுக்காரங்களப் பாக்கல. உங்களத்தான் திரும்பிப் பாத்தேன். எந்திரிச்சிடுவீங்களோன்னு.

– எந்திரிச்சு? "பொண்ணு கோள் சொல்லுவா, சாமி"ன்னா? அதெல்லாம் ஒரு தடைன்னா நம்ம ஜில்லாவுல ஒரு கலியாணமும் நடக்காது.

– நாலு வருஷமா எல்லாப் பாவசங்கீர்த்தனத்துலயும் இதச் சொல்லிட்டேன். மூணு தடவ அருள்நிறைந்த மரியே செபம் சொல்லும்பாரு சாமியாரு. சொல்லிட்டு வூட்டுக்கு வருவேன். வந்தா நீங்க எனக்குத் தோச ஊத்திக்கிட்டு நிப்பீங்க.

– பின்ன என்ன, தோசைய நிறுத்தணுமா?

– மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும் எனக்கு.

– அது என்னால சொல்ல முடியாது.

– அண்ணி!

– கோவத்துல சொல்லல. கதவத் தட்டலியே, அத மன்னிச்சிட்டேன், போ. குங்குமத்துக்கு மன்னிக்கிறதுக்கு நான் ஆளில்ல. நகரு, டிராயர நானே காலி பண்றேன்.

– ஆளில்லன்னா? உங்களுக்குத்தான பண்ணேன்?

– விடுங்கிறேன்ல.

– விட மாட்டேன். இன்னிக்கு அப்பா கூட்டம் முடிஞ்சு மத்தியானம் வருவாரு. சாப்பிடறப்ப எல்லாரு முன்னாடியும் பேசப் போறேன். அவரு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். எங்கலியாணத்துல உங்கம்மா, சுதர்சன், அவரு பொண்டாட்டி மூணு பேரும் மொத வரிசையில ஒக்காரணும்.

– யாரு, நீயா? எல்லாரு முன்னாடியுமா? துணிக்கடையில கலரு மாத்திக் கேக்குறதுக்கே என்னக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போறவ.

– பேசுவேன். அம்மாவையும் கேக்கத்தான் போறேன்.

– அத்தைய எதுக்கு?

– அன்னிக்கு அப்பா அந்தப் பேச்சு பேசினாரு. அண்ணன் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அவரு எப்பவும் அப்பிடித்தான். ஆனா அம்மா? அங்கதான நின்னாங்க? "விடுங்க, சின்னப் பொண்ணு"ன்னு ஒரு வார்த்த வந்துச்சா? உங்கம்மா வருஷா வருஷம் ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மெழுகுவத்தி கொண்டாந்து ஏத்துறாங்க. அவங்கள யாரு என்ன கேட்டா? அதுக்கப்பறம் இடுப்பு வலிக்குது, மூட்ட தூக்க விடாதன்னு உங்களத் தாங்கி என்ன பிரயோசனம்? அன்னிக்கில்ல வாயத் தொறந்திருக்கணும்?

– அத்தைய ஒண்ணும் கேக்காத.

– நான் பண்ணது தப்பு. அவங்க பேசாம நின்னதும் தப்பு. கேப்பேன்.

– கிறிஸ்டி, சொன்னாக் கேளு.

– இப்பவே கேக்குறேன். அம்மா! அம்மா, இங்க கொஞ்சம் வாம்மா!

– வாய மூடுடி!

– என்னாடி? கையில கத்திரிக்கா வெச்சிருக்கேன்! பல்லி கில்லி விழுந்துடுச்சா?

– ஒண்ணுமில்ல அத்தை! கரப்பான்பூச்சி! அடிச்சிட்டேன்! நீங்க வேலையப் பாருங்க!

– சேசுவே! பாத்துடி ரெண்டு பேரும், மூட்டைக்கு அடியில தேளு கெடக்கும்!

– ஏன் அண்ணி பொய் சொல்றீங்க?

– கதவச் சாத்து.

– எதுக்கு?

– சாத்துங்கிறேன். சாத்திட்டுக் கிட்ட வா. சத்தம் வெளிய போவக் கூடாது. அத்தை அன்னிக்கு வாயத் தொறக்கல, நெசந்தான். மாமா முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு என்னப் பாத்து ரெண்டு கையையும் கூப்பினாங்க. நீ படுத்திருந்த எடத்துலேருந்து அது தெரிஞ்சிருக்காது.

– உங்களப் பாத்தா? எதுக்கு?

– "இது உன்னோடதா?"ன்னு மாமா கேட்டாருல்ல. அத்தை கூப்பின கையப் பாத்துக்கிட்டே நான் "ஆமாங்க மாமா"ன்னேன்.

– உங்களோடதுதான அது?

– ஞானஸ்நானம் வாங்கின அன்னிக்கே எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன், இனிமே எனக்குக் குங்குமம் குடுத்தனுப்பாதன்னு. ஒத்துக்கிட்டு வந்தவ ஒளிச்சு வெக்க மாட்டேன் கிறிஸ்டி.

– பின்ன உங்க டிராயர்ல எப்பிடி?

– பீரோ சாவி மாமா இடுப்புல. அடுப்படி டப்பா எல்லாத்தையும் நாலு பேரு தொறப்பாங்க. வேற எங்க வெக்கிறது? நான்தான் சொன்னேன், இதுல வெச்சுக்குங்கன்னு.

– யாருகிட்ட சொன்னீங்க? அண்ணி, யாரோடது அது?

– நீ ஐசியூவுல இருந்த மூணாவது நாளு. திங்கக்கிழம. பிளேட்லெட்டு பதினஞ்சாயிரத்துக்கு வந்துடுச்சு, வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு. மாமா மருந்து வாங்கப் போயிருந்தாரு. அத்தை வராண்டாவுல செவமாலைய உருட்டிக்கிட்டே இருந்தவங்க, திடீர்னு என்னப் பாத்து, "மாதாகிட்ட கேட்டுட்டேன் மஞ்சு. உங்க ஊரு அம்மன்கிட்டயும் ஒரு வார்த்த கேக்கலாமா?"ன்னாங்க.

– அம்மாவா?

– பெரம்பலூர் பஸ்ல ஏறி சிறுவாச்சூர்ல எறங்கிட்டோம். யாருகிட்டயும் சொல்லல. சந்நிதியில முந்தானைய முக்காடு போட்டுக்கிட்டு நின்னாங்க. யாரு பேருக்கு அர்ச்சனை, என்ன நட்சத்திரம்னு பூசாரி கேட்டாரு. "பேரு கிறிஸ்டி. நட்சத்திரம் தெரியாதுங்க சாமி"ன்னாங்க.