எது மகனின் கை?

துறைமுகம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் வயதான கணவனும் மனைவியும்.

“பைனாகுலரே வாங்குங்க. ரெண்டு கையாலயும் பிடிக்கலாம்.”

“ரெண்டு கையும்லா நடுங்குது, ஏளா. ஒத்தக் கண்ணுல பாக்குற குழல்னா, மத்தக் கையால கம்பத்தப் பிடிச்சுக்கிடுவேன்.”

“குழல் பிடிச்ச கை ஆடுமே?”

“ஆடும்.”

“சொந்த ஊருக்குக் கப்பல் வந்தும், நம்ம மவன இறங்க விட மாட்டாவளா?”

“மாட்டாவளாம். மேல்தட்டுல நின்னு கையசைக்கேன்னு சொல்லிருக்கான்.”

“போன தடவையும் அசைச்சானே. இரவல் பைனாகுலர்ல நீங்க பாத்தியள்லா?”

அவர் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டார்.

“பாத்தேன். என் கை ஆடுன ஆட்டத்துல மொத்தக் கப்பலும் கையசைச்சுது. அதுல அவன் கை எதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?”