ரெண்டு காலுக்கு இருபத்தாறு டப்பா

...எத்தன காலுன்னு கேக்குறாம்மா! முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவ கேக்குற கேள்வியா இது? "ஏன் மெர்வ், நீ என்ன மரவட்டையா? ரெண்டு கால வெச்சுக்கிட்டு இருபத்தாறு கிட்டார் டப்பாவ எப்படி மிதிப்பே?"ங்குறா. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மிதிக்கவா வாங்குறோம்? அவகிட்ட பதினோரு ஜோடி செருப்பு இருக்கு, நான் ஏதாச்சும் கேட்டேனா?

...கேட்டேன். அதான் தப்பாப் போச்சு. டால்பி ஊர்ல இருக்கிற அவ தங்கச்சி வீட்டுக்குக் கெளம்பிட்டா.

உள்ள வாம்மா, வா. அந்த வயரத் தாண்டி வா. அதில்ல, அதுக்கு அடுத்த வயரு. ஆங், அந்த ஸ்பீக்கர் மேல கைய ஊனிக்கிட்டு இப்படி ஒருக்களிச்சு... வந்துட்டே பாரு! ரேலீனுக்கு இந்த ஒருக்களிக்கிற வித்த கடைசி வரைக்கும் வரல.

போகும்போது என்ன சொல்லிட்டுப் போனா தெரியுமா? "ஞாயித்துக்கெழம வருவேன். ஷெட்டுல என் காரு நிக்க எடம் இருந்தா எறங்குவேன். இல்லேன்னா அப்படியே வண்டியத் திருப்பிக்கிட்டு டால்பிக்கே போயிருவேன், நீ டப்பா கூடவே குடும்பம் நடத்து." இன்னிக்கு என்ன கெழம? ம். ஞாயிறுதான். தெரியும், சும்மா கேட்டேன்.

அவ கோவத்துலயும் நியாயம் இருக்கு, இல்லேங்கல. போன நவம்பர்ல ஆலங்கட்டி அடிச்சுதே, நீயும் இந்த டூவூம்பா ஊருக்காரிதானே, உனக்குத் தெரியாததா? காரு வெளிய நின்னுச்சு. முட்ட முட்டயா விழுந்துச்சும்மா. இப்ப அந்தக் காரப் பாத்தா அம்ம வடு மூஞ்சி மாதிரி இருக்கு. நான் ஆறுதலாத்தான் சொன்னேன், "கவலப்படாத ரேலீன், ஸ்பீக்கர் ஒண்ணு மேலயும் ஒரு சொட்டு படல"ன்னு. ரெண்டு வாரம் பேசல.

நீ கிட்டாரப் பாக்கத்தான் வந்திருக்கே, தெரியும். காட்டுறேன். ரோடு வேல முடிச்சு நேரா வரியா? ஞாயித்துக்கெழமயுமா தார் ஊத்துறாங்க? கொடும. உக்காரு. அது மேல இல்ல! அது டப்பாவோட அட்டப்பொட்டி. உள்ள ஒண்ணும் இல்ல, காலி. ஆனா அட்டப்பொட்டிய நசுக்கக் கூடாது. எப்பயாச்சும் விக்கணும்னா அட்டப்பொட்டியோட இருந்தாத்தான் மதிப்பு. விப்பியான்னு கேக்காத. என்ன சொல்ல வந்தேன்?

ஆங், டக். எங்க பேண்டுல ட்ரம்ஸ் அடிக்கிறவன். வெள்ளிக்கெழம பந்து உருட்டுற பௌல்ஸ் கிளப்புல கறித்தட்டுப் பரிசுக்குச் சீட்டுக் குலுக்கல் முடிஞ்சதும் நாங்கதான் வாசிப்போம், ஒரு நாள் வந்து பாரு. ஒம்போது வருஷம் முன்ன இந்த டக்குப் பய சொன்னான், "என்ன மெர்வ், உன் கிட்டாரு கம்பளிக்குள்ள பூந்துக்கிட்டுப் பாடுற மாதிரி கேக்குது?"ன்னு. சுருக்குன்னு தச்சிருச்சு. மறுநாளே போயி ஒரு பச்ச டப்பா வாங்குனேன். காலால ஒரு மிதி மிதிச்சா சத்தம் பளிச்சுன்னு ஆவும்னு கடக்காரன் சொன்னான்.

ஆவல.

கடக்காரனக் கேட்டா, "உன் டப்பா பழைய மாடலு, புது மாடல்ல ஆவும்"ங்குறான். புதுசு வாங்குனேன். ஆவல. இன்டர்நெட்டுல கேட்டா, "புது மாடல் குப்ப, பழைய மாடல்தான் தங்கம்"ங்குறான். அப்போ என்கிட்ட இருந்தது? "உன்னோடது நடுவுல வந்தது, அதவிடப் பழசு வேணும்!" அதையும் வாங்குனேன். மூணும் பச்ச, மூணும் ஒரே சைஸு. வித்தியாசம் கேக்குமான்னா... காதுக்குக் கேக்காது. ஆனா இருக்கு.

அப்புறம் ஒருத்தன் வயருல இருக்கு விஷயம்ங்குறான். வயரு மாத்துனேன். கரெண்டுல இருக்குங்குறான் இன்னொருத்தன். கரெண்டச் சுத்தம் பண்ண ஒரு பொட்டி வாங்குனேன், சிரிக்காத, உண்மயாவே அப்படி ஒண்ணு விக்குறான். கடைசியா ஒரு மகராசன், "சத்தம் விரல்லதான் இருக்கு சார்"ன்னான். விரல் விக்கிற கட எங்கய்யா இருக்கு? இருந்திருந்தா பத்து வாங்கியிருப்பேன்.

ரேலீன் சும்மா இருப்பாளா? ஒவ்வொரு பார்சலுக்கும் வாசல்ல நின்னு ஒரு பார்வ. அதனால பக்கத்து வீட்டு ஆல்ஃப் அட்ரஸுக்கு வரவழச்சேன். அந்தாளு வாய வெச்சுக்கிட்டு இருந்தாத்தானே! "ரேலீன், உன் புருஷனுக்குப் பொதன்கெழம வந்தது பாட்டு டப்பாவா, காது மிஷினா?"ன்னு வேலி மேல சாஞ்சுக்கிட்டுக் கேட்டுட்டான். அப்புறம் ஒரு யோசன பண்ணேன் பாரு, உன்கிட்ட சொன்னா என்ன, எல்லா டப்பாவுக்கும் கருப்பு பெயிண்ட் அடிச்சுட்டேன். புதுசு ஒண்ணு வந்து சேந்தாலும் கண்டுபுடிக்க முடியாதுல்ல? ரேலீனால முடியல.

என்னாலயும் முடியல. அதான் சிக்கல். எது எதுன்னு ஒவ்வொண்ணா மிதிச்சுப் பாத்துத்தான் அடுக்கணும். கிளப்புல நான் எல்லாத்தையும் கோத்து முடிக்கிறதுக்குள்ள மூணு பாட்டு முடிஞ்சுருது, குலுக்கல்ல ஜெயிச்சவன் கறித்தட்டத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடறான். இப்ப டக் என்ன சொல்றான்னா, "மெர்வ், குலுக்கல்ல நம்பர் படிக்கிற அம்மா கொரலே உன் கிட்டாரவிட இனிமயா இருக்கு." ஒம்போது வருஷம் உழச்சதுக்கு இதான் மரியாத.

சரி சரி, கிட்டாரு. இதோ, செவப்பு. அழகி, இல்ல? இருபத்திரெண்டு வருஷமா ஒரே கிட்டாரு. மத்தவனுங்க மாதிரி மாசத்துக்கு ஒண்ண மாத்துற ஆளு நான் இல்ல, எனக்குன்னு ஒரு ஒழுக்கம் இருக்கு. இத அடுத்தவன் கையில குடுத்ததும் இல்ல, ரிப்பேர் கடப் பக்கம் கொண்டுபோனதும் இல்ல. ஆனா பெர்த்துல ஒரு பெரிய ஆளு இருக்காரு, இன்டர்நெட்டுல பழக்கம், அவரு நேத்து தீர்ப்பு சொல்லிட்டாரு. "மெர்வ், உன் கிட்டாரோட மரம் செத்துப்போச்சு." நேர்ல பாத்ததில்ல அவரு. எழுதுன தோரணயிலயே தெரிஞ்சுது, விஷயம் தெரிஞ்சவரு.

அதான் விக்கிறேன். டப்பாங்க மேல தப்பே இல்ல பாத்தியா? பாவம், அத்தனையும் ஒரு செத்த மரத்தோட மல்லுக்கட்டியிருக்கு. இத வித்துட்டு நல்ல மரமா ஒண்ணு வாங்கிட்டேன்னு வையி, இருபத்தாறும் எழுந்து நின்னு பாடும்.

என்ன? ஷெட்டு எப்படிக் காலியாவும்னா? ...அது அடுத்த கட்டம்.

இங்க பாரு, ஒண்ணே ஒண்ணு. நான் ஒளிவுமறவு இல்லாம சொல்லிட்டேன், மரம் செத்தது, சத்தம் மந்தம். அதுக்குத்தான் இந்த அடிமாட்டு வெல. பணத்த மொதல்லயே போட்டுரு, நாளைக்கு நீ திரும்பக் கொண்டாந்து நின்னா நான் வாங்க மாட்டேன். குடுத்தது குடுத்ததுதான், ரெண்டு பேருக்கும். சம்மதமா? ...போட்டுட்டியா? டொய்ங்குன்னுச்சு. வந்துருச்சு. கை குடு. நல்ல பொண்ணு.

இப்ப வேணா வாசிச்சுப் பாரு. டப்பா எது வேணும்? ...ஒண்ணுமே வேணாமா? நேரா ஸ்பீக்கர்லயா? துணியில்லாம குளிக்க எறங்குற மாதிரில்ல இருக்கு. சரி, உன் இஷ்டம்.

...கேட்டியா? சொன்னேன்ல? கம்பளி. டக் சொன்னாப்புல அப்படியே கம்பளி. நீ நல்லாத்தான் வாசிக்கிறே, கொற உன்மேல இல்ல, மரம்...

என்ன பண்றே? அதுவா? அது ஒரு துண்டு கருப்பு டேப்பு. அந்தக் குமிழு ஆடாம இருக்கச் சுத்துனது. பிய்ச்சுக்கோ, உன் கிட்டாருதானே. அந்தக் குமிழு ஒண்ணுமில்ல, சத்தத்தோட கூர்மயக் கூட்டும் கொறைக்கும், சும்மா அப்படியே...

...

...இன்னொருக்கா வாசி.

அம்மாடி. இதத்தானேம்மா... இதத்தானேம்மா நான் தேடிக்கிட்டு இருந்தேன். மணி அடிச்ச மாதிரி! கண்ணுல தண்ணி வந்துருச்சு பாரு எனக்கு. எங்க இருந்துச்சு இது இத்தன நாளா?

யாரு சுத்துனதா? அது... ஒம்போது வருஷம் ஆச்சு. காட்டன் ஊர்ல டக் பொண்ணு கல்யாணம். நான் ஒரு மீட்டு மீட்டுனேன், மாப்பிள்ளயோட அப்பா காது மிஷினு 'கீ'ன்னு கத்த ஆரம்பிச்சுருச்சு. மனுஷன் துடிச்சுப் போயிட்டாரு. சரின்னு குமிழ முழுக்கக் கொறச்சேன். வாசிக்கிறப்ப சட்டக் கை பட்டுத் திரும்பத் திரும்ப ஏறுது. அதான் டேப்பு. அன்னிக்கு ஒரு சாயங்காலத்துக்குத்தாம்மா சுத்துனேன். அப்புறம் கேக்கு வெட்டுனாங்க, டான்ஸு, ரெண்டு பீரு... மறந்துட்டேன்.

நான்தான். வேற யாரு? நானேதான். ஒரு துண்டு டேப்பப் பிய்க்காம இருபத்தாறு டப்பா. கரெண்டுக்கு வேற சுத்தம் பண்ற பொட்டி! அவ காரு வேற...

சரி, அதக் குடும்மா. ...குடு. பணத்தத் திருப்பிப் போட்டுடறேன், கூட வேணா சேத்துப் போடுறேன். ...என்னது? நானா? நான் எப்ப சொன்னேன் குடுத்தது குடுத்ததுதான்னு? ...ரெண்டு பேருக்கும்னா சொன்னேன்? அது பேச்சு வாக்குல... சரி, கையும் குடுத்தேன். அதுக்காக?

இப்படிப் பண்ணலாம். நீ டப்பாவ எடுத்துக்கோ, கிட்டார வெச்சுட்டுப் போ. பத்து டப்பா. இருபது! அருமயான டப்பாங்க, வெளிய கெடைக்காது. உனக்குன்னு நல்லதா ஒண்ணு எடுத்துக் காட்டுறேன் இரு, குனிஞ்சு பெயிண்டச் சொரண்டுனாத்தான் தெரியும்... இதுவா, பச்ச... இல்ல, இது எதிரொலி போடுறது... இதுவும் எதிரொலியா? ரெண்டு எதிரொலி எப்ப வாங்குனேன்? இங்க பாரும்மா, இதுக்குக் கீழ இன்னும் ஒண்ணு பிரிக்காமலே கெடக்கு, அப்போ இருபத்தேழு... ரேலீன்கிட்ட சொல்லிறாத... என்னம்மா, சத்தத்தயே காணோம்?

ஏம்மா?

ஏய்! ஏம்மா! வண்டிய எடுத்துட்டியா? ஒரே ஒரு நிமிஷம்! நானே பின்னால வந்திருப்பேன், இந்த வயரு கால்ல... சே! எவ்வளவு சுளுவா ஒருக்களிச்சு வெளிய போயிட்டா பாரு.

யாருடா இந்நேரத்துல... ஹலோ? ரேலீன்! எங்க இருக்கே? ...ஓக்கி ஊரத் தாண்டிட்டியா, அதுக்குள்ளயா? ...ஆமா, இங்கயும் மேகம் பச்சக் கட்டிக்கிட்டு வருது. ஆலங்கட்டி விழும்போலத்தான் இருக்கு. ...பண்ணிட்டேன். பண்ணிக்கிட்டே இருக்கேன். வித்தாச்சு, சத்தியமா, இப்பத்தான் ஒரு பொண்ணு வந்து வாங்கிட்டுப் போனா. ...டப்பா இல்ல. செவப்பு கிட்டாரு. ...ஆமா, சுவத்துல மாட்டியிருந்துச்சே, அதேதான். ...ஏன் வித்தேனா? நீ நேர்ல வா, சொல்றேன், போன்ல சொன்னா சிரிப்பே. ...எவ்வளவு எடமா? இப்போதைக்கு... ஒரு ஆணி.

...ஆணிதான் ரேலீன். சுவத்துல அடிச்சது. ...ஐயோ, திருப்பாத! வண்டியத் திருப்பாத, நான் சொல்றதக் கேளு! நல்ல கெட்டியான ஆணி. காரு வெளிய நின்னா என்ன... சாவிய அதுல மாட்டிக்கலாம்.