தாழிமேட்டு ராணி

இந்த வெயிலில் ஒரு வாய் மோர்கூடக் குடிக்காமல் நீங்கள் குழிக்குள் குனிந்தே கிடப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஐயா. அதனால்தான் சொம்போடு வந்தேன். குடித்துக்கொண்டே கேளுங்கள்.

எங்கள் தாழிமேட்டில் நீங்கள் எடுத்த எலும்புக்கூட்டைப் பழங்காலத்து ராணி என்கிறார்கள். கழுத்திலிருந்த சிவப்புக் கல்மணி இந்தப் பக்கத்துச் சரக்கில்லை, ஆகவே அவள் வடக்கேயிருந்து வந்த வேற்றினத்து உயர்குடிப் பெண் என்று நீங்களே சொன்னீர்களாம்.

அவள் பெயர் கல்யாணசுந்தரி. திருப்பத்தூரில் புளி விற்றவர் மகள். என் வீட்டுக்காரர் பெரியகருப்பனுக்கு இளையதாரம்.

மணி மட்டும் பழசுதான். உழும்போது உடைந்த ஒரு முதுமக்கள் தாழியிலிருந்து அவர் எடுத்து வந்தது. தாழிப் பொருளை வீட்டில் வைக்கக்கூடாது, தாழிக்குள்ளேயே போட்டு மூடிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தெரிந்தும் அதைக் கோத்து அவள் கழுத்தில் போட்டார்.

"பாத்தியா பொன்னுத்தாயி, அவ கழுத்துக்கு எப்படி எடுப்பா இருக்கு."

"செத்தவ மணிய உசிரோட இருக்கவளுக்குப் போடுறீகளே."

"ஒனக்குப் போடலைன்னு சொல்லு" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

எனக்குக் கோபமில்லை. வழக்கம் கெடுகிறதே என்ற கவலைதான்.

அந்த வருஷத்து மழையில் எங்கள் நிலத்தில் இன்னொரு தாழி வாய் திறந்தது. அப்படித் திறந்தால் நிலத்துக்காரர் வீட்டுப் பெண் வரகு இட்டு மூடவேண்டும். பிறகு ஊர் கூடி மண் தள்ளும். அவர் கல்லல் சந்தைக்குப் போயிருந்தார். ஊர் வருவதற்கு முன்னால் அவளை அழைத்துப் போனேன்.

"இம்புட்டுப் பெருசா இருக்கேக்கா. ஆளே உக்காரலாம் போல."

"எறங்கி வரக வச்சிட்டு வாத்தா. நான் கை குடுக்கிறேன்."

மண்டையோட்டு விரிசல் மண்பாரத்தால் வந்தது என்றீர்களாமே. அது கடப்பாரை. அதே கடப்பாரையால் மூடுகல்லை நெம்பித் தள்ளிவிட்டு ஊரைக் கூப்பிட்டேன்.

மண் விழத் தொடங்கியதும் உள்ளே முனகல் கேட்டது. "தாழிக்காரி முழிச்சுக்கிட்டா, வெரசா மூடுங்கடா" என்று எங்கள் உழவன் வீரணன் கத்தினான். எல்லோரும் கும்பிட்டுக்கொண்டே வேகமாகத் தள்ளினார்கள்.

கோபித்துக்கொண்டு எங்கோ போய்விட்டாள் என்று அவரிடம் சொன்னேன். சாகும்வரை ஊர் ஊராகத் தேடினார். நான்தான் சோறு கட்டிக் கொடுத்தேன்.

இத்தனை காலமும் பேசாமலேதான் இருந்தேன். இப்போது பெண்டுகள் சூடம் கொளுத்தி அவளைக் கும்பிடுகிறார்கள். ராணியாம். அதுதான் பொறுக்கவில்லை. இதைப் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். தாழிப் பொருள் தாழிக்குத் திரும்பவேண்டும், திருப்பினேன். அது அவள் கழுத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

போலீசுக்கு ஆள் அனுப்புங்கள், இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் வருவதற்குள் அந்த மணியைக் கொஞ்சம் தாருங்கள், ஐயா. என் கழுத்துக்கு எப்படி இருக்கிறது என்று நீங்களாவது பார்த்துச் சொல்லுங்கள்.